சோபாவில் வந்தது

தம்பி டிப்பெனி ஹெலிகாப்டரில் சோபாவைக் கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவந்ததைப் பார்த்தபோதே மெரெஹானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரகியுரா என்ற பெரிய தீவுக்குத் தெற்கே இருக்கும் இந்தச் சின்னத் தீவுக்கு ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் குடும்பத்தோடு வருவார்கள். டீட்டி என்கிற கடல்பறவை மண்ணுக்குள் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும். அந்தக் குஞ்சுகளைப் பிடித்து உப்பிட்டுக்கொண்டு திரும்புவார்கள். எல்லோரும் பலகையில்தான் படுத்தார்கள். டிப்பெனித் துரைக்கு மட்டும் முதுகு வலிக்கிறதாம்.

எலி இல்லாத தீவு இது. அதனால் எலி ஒளிந்து வந்தாலும் தப்பாதபடி எந்தச் சாமானையும் கதவு சாத்திய கொட்டகைக்குள்தான் பிரிக்க வேண்டும். துரை புல்தரையிலேயே பிளாஸ்டிக் உறையைக் கிழித்துப் போட்டார். சோபா கொட்டகை வாசலில் நுழையவில்லையாம்.

"வாசல்ல நுழையாதது தீவுக்கு எதுக்குடா?"

"புதுசுக்கா. எலி என்ன, பில்லு போட்டா வரும்?"

புதுசு என்றால் வாங்கி நாலு மாதம் கராஜில் கிடந்த புதுசு. ஒரு வாரம் கழித்து, வெளியிலேயே கிடந்த அதைத் தட்டிப் பெருக்க மெரெஹானா மெத்தையைத் தூக்கினாள். அடியில் குடைந்த பஞ்சு, கறுப்புக் கறுப்பாய்ப் புழுக்கை.

"மிளகு சிந்தியிருக்கும்" என்றான் டிப்பெனி.

நாற்பது வயதில் மிளகுக்கும் புழுக்கைக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். இதற்குப் பேச்சு மட்டும் குறைவில்லை. எலி இங்கே குட்டி போட்டுப் பெருகிக் குஞ்சுகளைத் தின்றுவிட்டால், தன் பிள்ளைகள் இந்தக் கரையில் இறங்கக் காரணமே இருக்காது. அவன் சட்டையைப் பிடித்து வளைகள் இருந்த சரிவுக்கு இழுத்துப் போனாள்.

"படு. கைய உள்ள விடு."

குப்புறப் படுத்துத் தோள்வரை விட்டான். "இருக்குக்கா, கொழுகொழுன்னு! சும்மா பயந்து சாகுற நீ."

இளித்துக்கொண்டே வெளியே இழுத்தான். குஞ்சின் பிடரியில் சதையே இல்லை. எலும்பு தெரிந்தது. அலகை மட்டும் திறந்து திறந்து மூடியது.

"அக்கா... உசிரோட இருக்குக்கா."

"திருகி முடி. அதையும் நானேதான் செய்யணுமா?"

செய்தான். செய்துவிட்டு, கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றான். தூ என்று துப்பிவிட்டு அவள் அடுத்த வளைக்குப் போனாள். சட்டைக் கையைச் சுருட்டி, ஈரப் புல்லில் கன்னம் பதித்துப் படுத்தாள். சின்ன வயதிலிருந்து யோசிக்காமல் விட்ட கை, முழங்கையோடு நின்றுவிட்டது.

உள்ளே ஏதோ மண்ணைப் பிறாண்டியது. குஞ்சா, அதுவா என்று தெரியவில்லை. விரல்களை மடக்கிக்கொண்டு அப்படியே கிடந்தாள்.