நேரில் கண்டவர்

ராசிபுரத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்த கமலவேணி, ஆத்தூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை. 1938ஆம் வருஷம் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போகும் வழியில், தியாகனூர் வயலில் உட்கார்ந்திருந்த புத்தரைப் பார்த்தாள். அந்த முகத்தை விட்டு வர மனமில்லாமல் வெயிலில் அரைமணி நேரம் நின்றாள். பிறகு சென்னையிலிருந்து வரும் ஒரு பௌத்த மாதப் பத்திரிகைக்கு அதைப் பற்றி எழுதினாள்.

பத்திராதிபர் தபால் அட்டையில் பதில் போட்டார். அது ஏற்கெனவே தெரிந்த சிலைதானாம். பக்கத்து மலைகளில் வேறு ஏதும் இருந்தால் மூன்று விஷயங்களைப் பார்த்து எழுதச் சொல்லியிருந்தார்: கைகள் மடியில் இருக்கின்றனவா, தலைக்கு மேல் மூன்றடுக்காக முக்குடை உண்டா, இடது தோளில் துணி மடிப்பு செதுக்கியிருக்கிறதா. முக்குடை இருந்தால் சமணர் சிலை. தோளில் துணி இருந்தால் புத்தர்.

கெங்கவல்லிச் சந்தைக்குத் தேன் கொண்டுவரும் சென்றாயன், பச்சைமலையில் உட்கார்ந்த சாமி ஒன்று இருப்பதாகச் சொன்னார். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கமலவேணி புறப்பட்டாள். நூல் கடையில் வேலை பார்த்த அவள் கணவன் தண்டாயுதபாணி, தனியாக அனுப்ப மனமில்லாமல் கூட வந்தான்.

சென்றாயன் வழிகாட்ட, விடியும்போது ஏறத் தொடங்கினார்கள். எவ்வளவு தூரம் என்று கேட்டபோதெல்லாம் கூப்பிடு தூரம்தான் என்றார் சென்றாயன். மூங்கில் காட்டைத் தாண்டி, அறுத்துக் கிடந்த சாமைக் காடுகளைத் தாண்டி, இரண்டு ஓடைகளைக் கடந்த பிறகும் அதே பதில்தான். தண்டாயுதபாணியின் செருப்பு வார் அறுந்தது. ஐந்து மணி நேரம் கழித்து, ஒரு பாறைச் சரிவின் கீழே தகரக் கூரை போட்ட கோயிலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

வாசலுக்கு இருபது அடி முன்னால் ஒரு கல் நட்டிருந்தது. அங்கேயே பூசாரி காளியப்பன் அவளை நிறுத்தினார். இது முனி கோயில், பெண்கள் கல்லைத் தாண்டக் கூடாது என்றார். அவள் தபால் அட்டையைக் காட்டினாள். வாசலில் நின்று பார்த்தால் போதும் என்று கெஞ்சினாள். பூசாரி குரலை உயர்த்தவில்லை.

“உன்மேல எனக்குக் கோவமில்ல தாயி. மழை தப்பிட்டா இந்த ஊரு என்னயத்தான் கேக்கும்.”

வேறு வழியில்லாமல், மூன்று கேள்விகளையும் கணவனிடம் இரண்டு முறை சொல்லி அனுப்பினாள். அவன் நெற்றி நிறைய விபூதியோடு திரும்பி வந்தான்.

“கை எங்கீங்க இருந்துச்சு?”

“மாலையா போட்டு மூடியிருக்குது, கமலா.”

“மேல குடை?”

“நான் கண்ண மூடிக் கும்பிட்டேன்.”

திரும்பப் போகச் சொன்னாள். அதற்குள் பூசாரி பொங்கல் படைக்கத் திரையை இழுத்துவிட்டார். ஒரு மணி நேரம் வெயிலில் காத்திருந்து, அவன் மறுபடி உள்ளே போய் வந்தான். ஒரே இருட்டு, எண்ணெய்ப் பிசுக்கு, ஒன்றும் தெரியவில்லை என்றான்.

“புத்தர்னே எழுதிப்போடு. மெட்ராஸ்ல இருந்து ஆரு வந்து பாக்கப் போறாங்க?”

பூசாரி தடுத்தபோது வராத அழுகை அப்போது வந்தது. அவனுக்கு முன்னால் இறங்கத் தொடங்கினாள்.

வழியில் சென்றாயனின் வீட்டில் தண்ணீர் குடிக்க நின்றார்கள். நடந்ததைக் கேட்ட அவர் மனைவி மாரக்காள் சிரித்துவிட்டாள். கூரையும் கல்லும் வருவதற்கு முன்னால், சின்ன வயதில் அவள் அங்கேதான் ஆடு மேய்த்தாளாம்.

“அந்தச் சாமி மடியில ஏறி உக்காருவோம். கை ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். அதுல நெல்லிக்காய வெச்சு வெளையாடுவோம். இப்ப என்னையும் உள்ள உட மாட்டாங்க.”

தலைக்கு மேல் குடை எதுவும் இல்லை, வானம்தான் இருந்தது என்றாள். தோளில் துணி? மாரக்காள் வெகுநேரம் யோசித்தாள். நினைவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் எழுந்தார்கள்.

கமலவேணி நடந்ததை நடந்தபடியே எழுதினாள். தன்னை உள்ளே விடவில்லை, கணவர் எதையும் கவனிக்கவில்லை, இரண்டு விவரங்கள் மாரக்காள் சொன்னவை, மூன்றாவது தெரியவில்லை.

மாசி இதழில் நான்கு வரி வந்தது. “பச்சைமலையில் புத்தர் சிலை ஒன்று இருப்பதை ஆத்தூர் ஸ்ரீ தண்டாயுதபாணி நேரில் கண்டு தெரிவித்துள்ளார்.” மாரக்காள் பெயரும் இல்லை, கமலவேணி பெயரும் இல்லை. தண்டாயுதபாணி இதழை நூல் கடைக்கு எடுத்துப்போய் எல்லோரிடமும் காட்டினான். நீங்கள் கண்டது என்ன என்று அவள் கேட்டதற்கு, அச்சில் வந்துவிட்டதே என்றான்.

மூன்று முறை திருத்தம் எழுதிப் போட்டாள். எதுவும் வெளிவரவில்லை.

வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவனிடம் சொல்லாமல், மாரக்காள் வீடு வரைக்கும் தனியாக ஏறினாள். தோள் துணியைப் பற்றி ஏதாவது நினைவு வந்ததா என்று கேட்டாள். மாரக்காள் களி கிண்டுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடி யோசித்தாள்.

“வரல சாமி” என்றாள்.