கூண்டுக்கு அடியில் கிடந்த சேறு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு எங்கிருந்தோ உதித்ததல்ல. சத்துர்னீனா கேட்டு வாங்கியது. தித்திகாகா ஏரியில், எங்கள் ஊர்க் கரையோரம் கூண்டு கட்டி ட்ரவுட் மீன் வளர்ப்பவள் அவள். என் மகளுக்கு ஞானத்தாய், அதனால் நாங்கள் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிடுவோம்.

"கொமாத்ரே, மாசக் கடைசியில ஊர்க்கூட்டம். ஏரி நாறுறதுக்கு நான்தான் காரணமாம். என் கூண்டையெல்லாம் பிடுங்கி எறியணும்னு நம்ம ஊர்ப் பெரியவர் தோன் மெலீத்தோன் ஆள் சேத்துட்டாரு. நீ பள்ளிக்கூடத்துல வேதியியல் நடத்துற, கதையும் எழுதுற. நான் குத்தவாளி இல்லைன்னு ஒண்ணு எழுதிக் குடு. கூட்டத்துல படிச்சிரலாம்."

"கூட்டத்துல போய்க் கதையா? மனு எழுதித் தரேன்."

"மனுன்னா தூங்கிருவாங்க. கதைன்னா சண்டை போடவாவது முழிச்சிருப்பாங்க."

எனக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது.

2

முதல் தொடக்கம்: 'இருட்டில் ஒரு லாரி ஏரிக்கரையில் வந்து நின்றது. அதன் பின்கதவைத் திறந்து'

(விட்டுவிட்டேன். வில்லன் வேண்டும் என்ற ஆசை. லாரியும் இல்லை, ஆளும் இல்லை. ஊர்ச் சாக்கடைக் குழாயை அடைத்து, சுத்திகரிப்பு நிலையம் கட்டி இரண்டு வருடம் ஆகிறது. தண்ணீர் இன்னும் பச்சையாகத்தான் கிடக்கிறது. சாக்கடை நின்றும் பச்சை என்றால் மீன்காரிதானே காரணம் என்கிறார் தோன் மெலீத்தோன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.)

இரண்டாவது தொடக்கம்: 'சத்துர்னீனா ஒரு பாவமும் அறியாதவள்.'

(அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

3

ஆகவே அடியில் என்னதான் கிடக்கிறது என்று பார்க்க இருவரும் படகில் போனோம். கூண்டுக்குப் பக்கத்தில் நீளமான பிளாஸ்டிக் குழாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாயை அடைத்துத் தூக்கினோம். முழங்கை நீளத்துக்குக் கன்னங்கரேல் என்று சேறு வந்தது. என்ன நாற்றம்!

"பாரு, ஊரே உள்ள உக்காந்திருக்கு" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் சத்துர்னீனா. "உங்க வீட்டுக் கக்கூஸ் கூட இருக்கு கொமாத்ரே. அந்தா நடுவுல, கொஞ்சம் படிச்ச நாத்தம்."

குழாயின் அடியிலிருந்த பழைய சேற்றில் கொஞ்சம் எடுத்து ஒரு ஜாடியில் போட்டு, ஊற்றுத் தண்ணீர் நிரப்பி மூடினேன். இன்னொரு ஜாடியில் வெறும் ஊற்றுத் தண்ணீர். ஒரு வாரம் கழித்து, மீன்தொட்டிக்காரர்கள் தண்ணீரைச் சோதிக்க வைத்திருக்கும் மருந்துச் சொட்டுகளை, பள்ளிக்கூடத்தில் வைத்து, இரண்டிலிருந்தும் எடுத்த தண்ணீரில் விட்டேன். வெறும் தண்ணீர் மஞ்சளாக நின்றது. சேற்றுத் தண்ணீர் கரும்பச்சை!

வகுப்பிலேயே துள்ளிக் குதித்தேன். பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். பச்சை என்றால் அம்மோனியா, அம்மோனியா என்றால் நைட்ரஜன். அந்த ஜாடிக்குள் யாரும் எதையும் ஊற்றவில்லை, சேறே கொடுத்திருக்கிறது! வருடக்கணக்காக ஊர் கொட்டிய கழிவு கீழே படிந்து, அதிலிருந்த நைட்ரஜன் சேற்றுக்குள் தங்கிவிட்டது. அடியில் காற்றில்லாமல் போகும்போதெல்லாம் அது அம்மோனியாவாகக் கசிந்து மேலே வருகிறது. பாசி அதைத் தின்று கொழுக்கிறது. நாம் அடைத்த குழாய் கீழிருந்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐயா!

(ஒரு குறிப்பு: இதே சேற்றில் நாணல் வேர் காற்றைக் கொண்டுபோகும் இடங்களில், அந்த நைட்ரஜனில் ஒரு பங்கு யாருக்கும் கெடுதல் செய்யாத வாயுவாக மாறிப் போய்விடும். நல்ல செய்திதான், ஆனால் ரொம்ப மெதுவாக நடக்கும். கதைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.)

4

'குழாயின் மேல் அடுக்கில் இருந்தது'

(நிறுத்தினேன். சத்துர்னீனா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வரி வேணாம்."

"ஏன்?"

"ஏன்னு உனக்கே தெரியும்."

தெரியும். அடித்துவிட்டேன்.)

5

முடிவு அ: ஜாடியைப் பார்த்ததும் தோன் மெலீத்தோன் கண்கலங்கிச் சத்துர்னீனாவைத் தழுவிக்கொள்கிறார். (அவரைத் தெரிந்த யாரும் இதை நம்பப் போவதில்லை.)

முடிவு ஆ: கூண்டுகளை நங்கூரக் கல்லோடு இழுக்கிறார்கள். சேறு கலங்கி மீன்கள் செத்து மிதக்கின்றன. ஏரி முன்பைவிட (இது நடக்கக்கூடியது. எழுதக் கை வரவில்லை.)

6

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் சத்துர்னீனா வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"அந்த வரியத் திரும்பப் போடு."

"கூண்டு போயிரும் கொமாத்ரே. அதை விட்டா உனக்கு வேற என்ன இருக்கு?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா இப்பத்தான் தீனி போட்டுட்டு வரேன். மீன் தின்னது போக மிச்சம் கீழ போறத நின்னு பாத்தேன். நீ அடிச்சிட்டா மட்டும் அது மேல வராதா?"

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டேன். பிறகு எழுதினேன்:

'குழாயின் மேல் அடுக்கில் இருந்தது சத்துர்னீனாவின் மீன் தீனி. விரல் தடிமன். அதற்குக் கீழே முழங்கை நீளத்துக்கு இருந்தது, தீனி அல்ல.'

7

இதுவரை படித்துவிட்டேன். ஜாடி இதோ, மேசைமேல் இருக்கிறது. தோன் மெலீத்தோன், நீங்கள் முதலில் திறந்து முகர்ந்து பாருங்கள், பிறகு அப்படியே மற்றவர்களுக்குக் கொடுங்கள். கடைசி வரிசையில் இருப்பவரே, ஊருக்குப் புதியவர் என்றாலும் நீங்களும்தான்.

மேல் அடுக்கு தன்னுடையது என்று சத்துர்னீனா கை தூக்கிவிட்டாள். இன்னும் இறக்கவில்லை, பாருங்கள், வலிக்கிறது அவளுக்கு.

மிச்சத்துக்கு யார் தூக்குகிறீர்கள்?