ராடோவனின் விடுப்புக் கடிதம்

2025ஆம் ஆண்டு சனவரி 7, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. ராயபுரம் நீலக்கொடி கால்பந்துக் கழகத்தின் ஆட்டம் தொடங்கியபோது அதன் கோல்கீப்பர் ராடோவன் மைதானத்தில் இல்லை. மாற்று கோல்கீப்பர் முதஸ்ஸிர் மூன்று கோல்களை விட்டார். கழகச் செயலாளரான நான் அன்று மாலையே பதிவேட்டில் எழுதினேன்: 'பொய்க் காரணம் கூறி ஆட்டத்தைத் தவிர்த்தார்.'

ராடோவன் செர்பியாவின் நிஷ் நகரத்தவர். சொந்த நாட்டின் முதல் பிரிவில் ஆறு பருவங்கள் ஆடியவர்; பிறகு மால்டா, கொல்கத்தா என்று படிப்படியாக இறங்கி, முப்பத்தாறாம் வயதில் எங்களிடம் வந்திருந்தார். இருமுறை முறிந்த இடக்கைச் சுண்டுவிரல் வளைந்தே நின்றது.

ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு அவர் விடுப்புக் கடிதம் கொடுத்தார். 'சனவரி 7, கிறிஸ்துமஸ்' என்பதே காரணம். கிறிஸ்துமஸ் என்றைக்கு என்று ராயபுரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலும், டிசம்பர் 25 அன்று எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப்பேர் மாதா கோயிலில் இருக்க, தனியாக வந்து பயிற்சி செய்தவர் அவர். "எங்களுக்கு நாள் வேறு" என்று ஆங்கிலத்தில் ஏதோ சொல்லத் தொடங்கினார். விதிகளைப் படித்துவிட்டு வாருங்கள் என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆட்டத்தன்று, பந்துகளையும் சீருடைகளையும் பராமரிக்கும் யேசுதாஸ் முந்தைய மாலை கண்டதைச் சொன்னார்: "எர்ணாவூர் பீச்சாண்ட, சவுக்குக் கட்டைய கொளுத்திகினு ஒண்டியா குந்திகினு இருந்தாரு மேடம். சரக்கு போட்டாப்ல இருந்துச்சி." அதையும் பதிவேட்டில் ஏற்றினேன். 'குடித்திருந்தார்' என்றே எழுதினேன்.

இரண்டு நாளில் ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. புறப்படும்போது தம் கையுறைகளை முதஸ்ஸிரிடம் தந்துவிட்டு, என் மேசையருகே வந்து தலைதாழ்த்தினார். நான் எழுந்திருக்கவில்லை.

செப்டம்பரில், அவரைப் பயிற்சியாளராக எடுக்க எண்ணிய கோவாவின் ஒரு பயிற்சிப் பள்ளி நன்னடத்தைச் சான்று கேட்டது. பதிவேட்டில் இருந்ததை அப்படியே அனுப்பினேன். வேலை கிடைக்கவில்லை. இவ்வாண்டுத் தொடக்கத்தில் மாலத்தீவுக் கழகம் ஒன்று அதே சான்றைக் கேட்டது. சனவரி 7 காலை, அதே வரிகளைத் தட்டச்சு செய்து கையொப்பமிட எடுத்தபோது யேசுதாஸ் ஒரு பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"மேடம், கேக் சாப்டுங்க. இன்னிக்கி கிறிஸ்மஸ்ஸு!"

"என்ன உளறல்? அது முடிந்து இரண்டு வாரமாகிறது."

"நம்மள்து பூட்ச்சி மேடம். ஹார்பர்ல நிக்கிற கப்பல்ல ரஷ்யாக்காரனுங்க கீறானுங்க, அவுனுங்களுக்கு இன்னிக்கிதானாம். என் மச்சான்தான் ஆட்டோல கோயிலுக்கு இட்னு போனான். அவுனுங்க காலண்டரே வேறயாம்!" சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென நிறுத்தினார். "அய்யய்யோ... நம்ம ராடோ நைனாவும் இதத்தான சொன்னாரு?"

பேனாவைக் கீழே வைத்தேன். "அவர் குடித்ததைப் பார்த்தீர்களா?"

"பாட்லு எதுவும் பாக்கல மேடம். நெருப்பத்தான் பாத்தேன்."

பிறகு படித்தறிந்தேன்: ரஷ்யர்களைப் போலவே செர்பியர்களுக்கும் பழைய நாட்காட்டிப்படி சனவரி 7தான் கிறிஸ்துமஸ்; அதற்கு முந்தைய மாலை ஓக் மரக்கிளையை எரிப்பது வழக்கம். எர்ணாவூரில் ஓக் கிடைக்காது, சவுக்கு கிடைக்கும். ஒரு நிமிடம் கேட்டிருந்தால் அவரே சொல்லியிருப்பார். அந்த ஒரு நிமிடத்தை நான் தரவில்லை.

செயற்குழுவில் இதை நான் முன்வைத்ததும் தலைவர் செல்வநாதன் சலித்துக்கொண்டார். "வுடுங்க மேடம். பழைய நோட்ட எவன் பொரட்டப் போறான்? மாலத்தீவுக்கு நல்லதா நாலு வரி அனுப்பிட்டா மேட்டர் ஓவர்."

"பொய் சொன்னவர் அவரல்லர், தலைவரே. எழுதியவள் நான். அதுவும் பதிவேட்டில் இருக்க வேண்டும்."

2026 சனவரி 11, ஞாயிற்றுக்கிழமை முடிவானவை இவை. பதிவேட்டின் அவ்விரு வரிகளும் கோடிட்டு அடிக்கப்பட்டன. அவை பொய்யென்று அவற்றின் கீழே என் கையால் எழுதி, எழில்மொழி என்று ஒப்பமிட்டேன். விடுப்பு தவறாக மறுக்கப்பட்டதென மாலத்தீவுக்கும் கோவாவுக்கும் கடிதங்கள் போயின. கோவாவில் அந்த வேலையில் இப்போது வேறொருவர் இருக்கிறார். ராடோவனுக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பினேன், பதில் வரவில்லை. நான் பதவி விலகினேன்; பிப்ரவரி முதல் தேதியிலிருந்து செயற்குழு உறுப்பினர் ஹஃப்சா செயலாளர்.