கட்டிலுக்கு அடியில் போகும் மிஷின்

அன்புச்செல்வி தன் அப்பாவிடம் அந்த மிஷினை விற்ற விதத்தை ஷோரூம் மேனேஜர் பார்த்திருந்தால் அன்றைக்கே கூப்பிட்டுக் கை குலுக்கியிருப்பார். இத்தனைக்கும் அப்பா காசு கொடுக்கப் போவதில்லை. ஸ்டாஃப் ரேட்டில் அவளே வாங்கி, பெங்களூரிலிருந்து ரயிலில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விற்கத்தான் வேண்டியிருந்தது. சும்மா வருகிற பொருளைத்தான் ஜனங்கள் அதிகமாகச் சந்தேகப்படுவார்கள்.

அப்பா நெடுஞ்செழியன் சுரங்கத்தில் ட்ரில் பிடித்தவர். சுரங்கத்தை மூடிவிட்டார்கள், அது அவர் நெஞ்சுக்குள் வைத்துவிட்டுப் போன தூசி மட்டும் இன்னும் டியூட்டியில் இருந்தது. நாலடி வேகமாக நடந்தால் மூச்சு விசில் அடிக்கும். துடைப்பத்தைக் கையால் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஸ்கெலட்டன் என்கிற அந்தச் சுரங்கக் குடியிருப்பில் அப்படிச் சொல்வது, கடலோரத்தில் குடியிருப்பவனிடம் உப்புக் காற்று ஆகாது என்று சொல்வது மாதிரி. ஆடி மாதம் காற்று கிளம்பினால், தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் மலையாகக் கொட்டிவைத்த சயனைடு மேட்டு மண் மாவாகப் பறந்து வந்து, ஜன்னலைச் சாத்தினாலும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அம்மா போன பிறகு, விடிவதற்குள் எழுந்து வீடு முழுக்க ஈரத்துணி போட்டுத் துடைத்துவிட்டுத்தான் செல்வி ரயிலுக்கு ஓடுவாள். பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே போய், நாளெல்லாம் ஷோரூமில் நின்று, திரும்ப நின்றுகொண்டே வருவாள்.

இனிமேல் முடியாது என்று ஒருநாள் முடிவு செய்தாள். கூட வேலை செய்யும் ஐடாவோடு சேர்ந்து ஷோரூமுக்குப் பக்கத்திலேயே ஒரு ரூம் பார்த்தாயிற்று. அப்பாவை விட்டுவிட்டுப் போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கேதான் அது கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தை அடக்கத்தான் மிஷின்.

இட்லிக் குண்டான் மூடி அகலத்தில் வட்டமாக இருந்ததை ஹால் நடுவில் வைத்து, வாடிக்கையாளரிடம் சொல்கிற அதே வரிசையில் ஆரம்பித்தாள். வீட்டை ஒரு முறை சுற்றி வந்தால் மூலை முடுக்கெல்லாம் மேப் போட்டு ஞாபகம் வைத்துக்கொள்ளும். படி வந்தால் விழாமல் நின்றுவிடும். பெருக்கும், பின்னாலேயே ஈரத்துணியால் துடைக்கும். சார்ஜ் இறங்கினால் யாரும் சொல்லாமலே போய் ஏற்றிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, துடைப்பம் போகாத இடத்துக்கு, கட்டிலுக்கு அடியில், போகும்.

நெடுஞ்செழியன் தக்காளி வாங்குகிறவர் மாதிரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்ம மண்ணை வாருமா என்று கேட்டார். மேட்டு மண் மாவைவிட மெல்லிசு, ஃபில்டரைச் சீக்கிரம் அடைத்துவிடும், சக்கரம் வழுக்கும் என்று செல்விக்குத் தெரியும். சூப்பராக வாரும் என்றாள். பிறகு அவர் விரல், முன்பக்கத்தில் இருந்த சின்னக் கண்ணாடியில் போய் நின்றது.

"இது இன்னாது, கண்ணு மாரி கீது?"

"கேமராப்பா. நமக்கு எதுக்குன்னு ஆஃப் பண்ணிட்டேன்."

ஆஃப் பண்ணவில்லை. கேமராவுக்காகத்தான் அந்த மாடலையே எடுத்தாள். ஆப்பைத் திறந்தால் வீடு தெரியும், சத்தமும் கேட்கும். சொன்னால் மனுஷன் வீட்டுக்குள்ளேயே விறைத்துக்கொண்டு நடப்பார் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டாள். விற்கிறவர்களுக்குக் காரணத்துக்குப் பஞ்சமா?

அப்பாவின் முகம் இன்னும் படியவில்லை. கடைசிச் சரக்கை எடுத்தாள். தினமும் பட்டனை நீதான் அழுத்த வேண்டும், வேலை முடிந்ததும் என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும், அது வந்தால் நீ நல்லபடியாக எழுந்து நடமாடுகிறாய் என்று எனக்குத் தெரிந்துவிடும் என்றாள்.

அவர் நிமிர்ந்தார். "நம்ம டோக்கன் மாரி சொல்லு."

சுரங்க ஷாஃப்டில் இறங்கும்போது ஆளுக்கு ஒரு டோக்கன். மேலே ஏறியதும் அதைப் போர்டில் திரும்ப மாட்ட வேண்டும். ஷிப்ட் முடிந்தும் ஒரு ஆணி காலியாக இருந்தால் கீழே எவனோ மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று அர்த்தம். அவனை மேலே கொண்டுவராமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போகமாட்டார்கள். மிஷின் அந்த ஒரு வார்த்தையில் விலைபோனது. பக்கத்து வீட்டு சரோஜம்மா தன் வைஃபையைக் கொடுத்தாள். செல்வி பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மெசேஜ் தவறாமல் வந்தது. ஷோரூமில் வாடிக்கையாளர் யாராவது தயங்கினால், போனை நீட்டி, "எங்க அப்பா தனியா இருக்கார், அவரே டெய்லி ஓட்டறார், பாருங்க" என்பாள். வயசான அம்மா அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் அதற்கு மேல் பேரம் பேசமாட்டார்கள். அவர்கள் வாங்குவது எதை என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்?

ஆடி பிறந்தது. ஒருநாள், சுத்தம் முடிந்தது என்பதற்குப் பதிலாக மிஷின் மாட்டிக்கொண்டது என்று மெசேஜ். ஆப்பைத் திறந்தாள். இருட்டு. கட்டிலின் இரும்புச் சட்டத்துக்கும் டிரங்குப் பெட்டிக்கும் நடுவில் மண்ணில் சக்கரம் வழுக்கிக்கொண்டு, உதவி வேண்டும் என்று அது இங்கிலீஷில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒரு கை வந்தது. பின்னால் அப்பாவின் முகம், ஈரத்துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு. தூசி கிளம்பாமலிருக்க, தண்ணீர் அடிக்காமல் ட்ரில் போடக்கூடாது என்பது அவர் காலத்துச் சட்டம். குப்புறப் படுத்து, முழங்கையால் நகர்ந்து, புழுதிக்கு நடுவில் அதைப் பிடித்து இழுத்தார். "வாடா, வந்துட்டேன்டா" என்றார். பிறகு இருமல். துண்டைத் தாண்டி வந்த அந்த இருமலை, மிக்ஸி வாங்க வந்த ஒரு குடும்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்வி கேட்டாள். சற்று நேரத்தில் சுத்தம் முடிந்தது என்ற மெசேஜ் வந்துவிட்டது.

சாயங்காலம் போன் செய்தாள். மிஷின் எங்காவது மாட்டுகிறதா என்று பொதுவாகக் கேட்டாள். ஃபஸ்ட் கிளாஸாக ஓடுகிறது என்றார். கட்டிலுக்கு அடியில் விடாதே என்று சொல்ல வாயெடுத்தாள். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டால்? டாக்டரைக் காரணம் காட்டி, சும்மா இரண்டு நாள் ஓட்டாமல் விடேன் என்றாள். மெசேஜ் வராவிட்டால் நீ பயந்துக்குவியே என்றார். அவள் விற்ற சரக்கு அவளிடமே திரும்பி வந்தது.

மறுநாளும் கை வந்தது. அதற்கடுத்த நாளும். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். நிறுத்து என்று சொல்ல வேண்டுமானால், முதலில் பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், மண்ணை வாரும் என்றதும் பொய்தானா என்று அடுத்த கேள்வி வரும். ஒரு பொய்யை எடுத்தால் இன்னொன்று சரிகிற மாதிரி அடுக்கி வைத்திருந்தாள்.

பிறகு ஒருநாள் கேமராவில் செங்கல் தெரிந்தது. கட்டிலின் நாலு காலுக்கும் கீழே செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார். மிஷின் ராஜபாட்டையில் போகிற மாதிரி உள்ளே போய் வெளியே வந்தது. செல்விக்கு நிம்மதியாக இருந்தது. அவ்வளவு உயரக் கட்டிலில் அவர் எப்படி ஏறுவார் என்று யோசிக்கத் தோன்றவில்லை. நிம்மதி வந்தால் கேள்வி வராது.

அந்த வாரத்திலேயே ஒரு மத்தியானம், வாஷிங் மிஷின் வாங்க வந்தவர் கூடுதல் தள்ளுபடிக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, வழக்கமான மெசேஜ் இன்னும் வரவில்லை என்று உறைத்தது. ஆப்பில் வீட்டின் மேப் திறந்தது. ஹாலில், எப்போதும் காலியாக இருக்கும் இடத்தில் புதிதாக ஒரு திட்டு. சாம்பல் நிறம். நீளமாக, சுவரோரம். அதற்குக் கீழே, தடை என்று போட்டிருந்தது.

கேமராவைத் திறந்தாள். ஒரு உள்ளங்கால். மிஷின் அதைப் போய்த் தொட்டது, பின்வாங்கியது, கொஞ்சம் தள்ளி மறுபடி தொட்டது. கால் அசையவில்லை.

வாடிக்கையாளரை அப்படியே விட்டுவிட்டு சரோஜம்மாவுக்குப் போன் போட்டாள். அப்பா ஹாலில் விழுந்து கிடக்கிறார், ஓடுங்கக்கா என்றாள். சரோஜம்மா கையில் இருந்த கரண்டியோடு ஓடினாள். போன் கட் ஆகவில்லை. செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், "அண்ணா, ஏண்ணா" என்ற கூப்பாடு. ஷோரூமில் வரிசையாக வைத்திருந்த டிவிகளில் ஒரே சமயத்தில் ஒரே பெண் ஏதோ சோப்புக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கினு கீறாரும்மா" என்றாள் சரோஜம்மா, மூச்சு வாங்க. "கட்டல தூக்கி வெச்சுக்கினாரு, ஏற முடியல. மிஷினு மாட்டுதான்னு பாத்துனே தரையில படுத்தவரு அப்டியே தூங்கிட்டாரு. நல்ல ஆளுங்கம்மா நீங்க, மிஷினுக்குக் கட்டலு, மனுசனுக்குத் தரை."

போன் கை மாறியது. முதலில் மூச்சின் விசில் வந்தது. பிறகு அப்பா.

"செல்வி, நான் படுத்துனு இருந்தது உனக்கு எப்டித் தெரியும்?"

வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மிஷின் சார்ஜ் ஏறும் இடத்தில், தலைமேல் ஒரு துண்டு போர்த்தப்பட்டு, பிடிபட்ட திருடன் மாதிரி இருந்தது. சரோஜம்மா டீயை வைத்துவிட்டு, இருக்கலாமா போகலாமா என்று யோசித்து, மனமில்லாமல் போனாள்.

எப்போதிலிருந்து பார்க்கிறாய் என்று கேட்டார். முதல் நாளிலிருந்து என்றாள். என்னென்ன பார்த்தாய் என்றார். ஈரத்துண்டு, கட்டிலுக்கு அடியில் வந்த கை, செங்கல் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அண்ட்ராயரோட நடந்துனு இருந்தனே, அது?"

"அது ஒரு வாட்டி."

அவர் துண்டு போர்த்திய மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தால் தேவலை போலிருந்தது. கூசிப்போய் இருந்தார்.

"நம்ம மண்ண வாருமான்னு கேட்டேன். வாராதுன்னு அப்பவே தெரியுமா உனக்கு?"

"தெரியும்ப்பா."

"கஸ்டமர்னா கடைக்கு எத்துனு வந்து திருப்பிக் குடுத்துட்டுப் போவான்" என்றார். "நான் யார்கிட்ட போயி திருப்பிக் குடுக்கறது?"

செல்வி எழுந்து மிஷினைப் பெட்டிக்குள் வைக்கப் போனாள். வேண்டாம் என்றார். அது போய்விட்டால் மெசேஜ் எப்படி வரும் என்றார். போன் பண்ணுகிறேன் என்றாள். நீ பண்ணுவாய், பேச்சு நடுவில் எவனாவது ஃபேன் விலை கேட்பான் என்றார். அதுவும் உண்மை.

கடைசியில் ஒரு பேரம் படிந்தது. மிஷின் ஹாலோடு சரி, கட்டில் பக்கம் போகாமல் ஆப்பில் கோடு போட்டுவிட வேண்டும். வாரம் ஒருமுறை, அவளுக்கு ஆஃப் கிடைக்கும் செவ்வாய்க்கிழமை, செல்வி வந்து கட்டிலுக்கு அடியில் ஈரத்துணி போட வேண்டும். கேமராவை இப்போதே ஆஃப் பண்ணுகிறேன் என்று போனை எடுத்தபோது அவர் கையை நீட்டி நிறுத்தினார். இதைத்தான் முன்பும் சொன்னாய் என்றார். எழுந்து போய் எலக்ட்ரிக் டேப்பைக் கொண்டுவந்து, ஒரு துண்டு பல்லால் கடித்து, அந்தக் கண்ணாடியின் மேல் தானே ஒட்டினார். மேலே இன்னொன்று குறுக்காக.

கூப்பிட்டதும் வந்த சரோஜம்மாவும் செல்வியும் கட்டிலைத் தூக்கிப் பிடிக்க, செங்கல்லை அவரே காலால் தள்ளினார். செல்வி முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு உள்ளே தவழ்ந்தாள். மிஷின் வாராமல் விட்ட புழுதியில், சட்டத்திலிருந்து சுவர் வரைக்கும், முழங்கை இழுத்த தடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. துடைத்தாள். துணி மூன்று பக்கெட் தண்ணீரைச் சேறாக்கியது.

மறுநாள் ஷோரூமில், பெற்றவர்களை ஊரில் விட்டுவிட்டு வந்த ஒரு பெண் அதே மாடலின் முன்னால் நின்றாள். உங்கள் வீட்டில் வைத்திருக்கிறீர்களா என்று செல்வியைக் கேட்டாள். இனிமேல் பொய் கிடையாது என்று முடிவு செய்திருந்ததால் செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். மாவு மாதிரி மண் என்றால் வாராது, கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், அதை எடுக்க எங்கள் அப்பா தவழ்ந்துபோய் மூச்சு முட்ட இருமினார் என்றாள். அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நேர்மையாக எந்தக் கடையிலும் சொல்லமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு பைசா குறைக்கச் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். மேனேஜர் தூரத்திலிருந்து கட்டை விரலை உயர்த்தினார்.

அப்பாவை மறுபடியும் விற்றாயிற்று என்று செல்விக்குத் தோன்றியது. இந்தத் தடவை நல்ல விலைக்கு.

மத்தியானம் மெசேஜுக்கு முன்பே ஆப்பைத் திறந்தாள். படம் முழுக்கக் கறுப்பு. டேப் நன்றாகவே ஒட்டியிருந்தது. மைக் ஒரு சின்ன ஓட்டை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. என்ன பார்த்தாய் என்றுதான் கேட்டாரே தவிர, என்ன கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

கறுப்புக்குள்ளிருந்து சக்கரத்தின் முனகல் வந்தது. நாற்காலி நகர்ந்தது. "அந்தப் பக்கம் போவாதடா, அங்க ரைட்ஸ் இல்ல உனக்கு" என்று அப்பா அதை மிரட்டினார். பிறகு அது தூரப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, பக்கத்தில், விசில் அடிக்கிற மூச்சு. உள்ளே, வெளியே.

செவ்வாய்க்கிழமை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதுவரைக்கும், ஃப்ரிட்ஜ் வரிசைக்குப் பின்னால் நின்று, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.