மீனெண்ணெயும் செங்காவியும்

பாளையங்கோட்டை மாதர் சங்கத்தில் ஆறு பேர் கூடினால் ஏழு அபிப்பிராயம் வரும். ஆனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றாம் வருஷம், அசனப் பண்டிகைக்கு என்ன காட்சி காட்டுவது என்ற பேச்சில் மட்டும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. காரணம் சாலோமி டீச்சர். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள். ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான்.

வருஷா வருஷம் சபையார் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து அசனம் சாப்பிடுவதற்கு முன்னால், சங்கத்துப் பெண்கள் வேஷம் கட்டி ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். பெத்லகேமையும் ரூத்தின் வயலையும் பார்த்துப் பார்த்துச் சனங்களுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை பியோத்துக் சனங்கள் என்று சொல்லிவிட்டாள் டீச்சர்.

“யாருட்டி அது? வாயிலயே நுழையலையே,” என்றாள் பாக்கியவதி. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பெண்சாதி. வாய் சும்மா இருக்காது.

சாலோமி கையிலிருந்த இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். அமெரிக்காவுக்குக் கிழக்கே, பனி கொட்டுகிற பெரிய தீவு. கூம்பு மாதிரி குடிசை கட்டி, மேலே மரப்பட்டை போர்த்துவார்கள். நடுவில் நெருப்பு, சுற்றிலும் தரையில் ஆளுக்கொரு குழி தோண்டி அதில்தான் படுக்கை. கோடையில் கடற்கரைக்கு வந்து மீனும் பறவை முட்டையும் சேர்ப்பார்கள். குளிர் தொடங்கும்போது உள்ளே ஆற்றோரம் போய், மரத்தை வெட்டிச் சாய்த்து மைல் கணக்கில் வேலி போடுவார்கள். மான் கூட்டம் வேலியோடு வேலியாக வந்து ஆற்றில் இறங்கும். படகில் காத்திருந்து ஈட்டியால் குத்துவார்கள். முட்டையை அவித்துக் காயவைத்து இடித்துப் பொடியாக்கி வைத்துக்கொள்வார்களாம்.

“முட்டைப் பொடியா! இட்லிக்குத் தொட்டுக்கிடலாமே,” என்றாள் பாக்கியவதி. எல்லாரும் சிரித்தார்கள்.

“எண்பது வருசத்துக்கு முன்னயே ஒருத்தர் பாக்கியில்லாம போயிட்டாங்கன்னு எழுதியிருக்கு,” என்றாள் சாலோமி. சிரிப்பு நின்றது. “சிவப்பு மண்ணைக் கொழுப்புல குழைச்சு உடம்பு பூரா பூசுவாங்க. படகு, வில்லு, துணிமணி எல்லாத்துக்கும் அதான். பிள்ளை பிறந்தா அதுக்கும் பூசுவாங்க. நம்மாளுன்னு சொல்லுததுக்கு அடையாளம்.”

மூலையில் கோணிச்சாக்கை மான்தோலாகத் தைத்துக்கொண்டிருந்த இன்பமணிக்கு ஊசி நின்றுவிட்டது. கோர்ட்டுக் குமாஸ்தாவாக இருந்த அவள் புருஷன் ஜெபசீலன் காலராவில் போய் நாலு வருஷம். அவளுக்கு வயசு இருபத்தாறு. மிஷன் லேஸ் பள்ளியில் வேலை. ஊரில் எந்தக் கல்யாணமானாலும் மணப்பெண்ணின் முக்காட்டுக்கு லேஸ் பின்னுகிறவள் அவள்தான். பின்னின முக்காட்டைப் பெண் தலையில் போடுவது மட்டும் வேறு கை. போடாதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. வேதத்திலும் அப்படி எழுதியில்லை. வேதத்தில் எழுதாததை நம் சனங்கள் எவ்வளவு கச்சிதமாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்று பாருங்கள்!

“டீச்சர், புருசன் செத்தவளும் பூசுவாளா?” என்று கேட்டாள் இன்பமணி.

கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாலோமி இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தாள்.

“இங்கன யாரையும் தள்ளிச் சொல்லலை, இன்பமணி. எல்லாரும்னுதான் இருக்கு.”

அன்றிலிருந்து அவளுக்கு அந்த ‘எல்லாரும்’ மனசைவிட்டுப் போகவில்லை. லேஸ் பின்னும்போதும் அதுதான், உலை வைக்கும்போதும் அதுதான். படகுப் பக்கத்தில் நிற்கவேண்டியவளுக்கு முறைக்காய்ச்சல் வரவே, சாலோமி இன்பமணி வீடு தேடி வந்து “நீ நில்லு” என்றாள். இவளுக்கு ஆசை என்றால் அப்படி ஒரு ஆசை. ஆனால் வீட்டில் மாமியார் சாரம்மாள் இருக்கிறாளே.

சாரம்மாள் கெட்டவள் இல்லை. மருமகளை ஒருநாளும் கைநீட்டியதில்லை. கறிக்குழம்பில் நல்ல துண்டை அவளுக்குத்தான் போடுவாள். அவளும் முப்பது வருஷமாக வெள்ளைச்சேலைக்காரிதான்.

“நெத்தியில செவப்பா? நீயா?” என்றாள்.

“நெத்தியில மட்டும் இல்ல அத்தை, மூஞ்சி பூராவும்தான். இது பூகோளம்.”

“என்ன கோளமும் இருக்கட்டும். ஊரு வாயை நீயா மூடுவே? போறதும் போகாததும் உன் இஷ்டம். நான் அசனத்துக்கு வரமாட்டேன், சொல்லிட்டேன்.”

சபை மூப்பர் எலியேசரும் சும்மா விடவில்லை. காவியைக் கண்டாலே அவருக்குக் கோபுரமும் தேரும் ஞாபகம் வரும். “பொட்டு கிட்டுன்னு ஒண்ணும் கூடாது. ஒரே பூச்சா இருந்தா சரி,” என்று உத்தரவு போட்டார். பொட்டு வைத்தால் பாவம், மூஞ்சி முழுக்க அப்பினால் பாவமில்லை! என்ன கணக்கோ, அது மூப்பர் கணக்கு.

செங்காவிக்கட்டி கடையில் கிடைத்துவிட்டது. கொழுப்புக்கு எங்கே போவது? விளக்கெண்ணெய் போதும் என்றார்கள். சாலோமி கேட்கவில்லை. புஸ்தகத்தில் இருக்கிற மாதிரிதான் வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து மீனெண்ணெய் வரவழைத்தாள். அந்தத் தீவைச் சுற்றின கடலில் பிடிக்கிற மீனின் ஈரல் எண்ணெய்தானாம் அது. குழைத்ததும் சங்கமே மூக்கைப் பொத்தியது.

சனிக்கிழமை சாயங்காலம் வேதக்கோயில் வளாகத்தில் பனையோலைக் குடிசை எழும்பியது. மூங்கில் சட்டத்தில் வாழைப்பட்டை கட்டிப் படகு. இன்பமணி மாமியாரிடம் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். அவள் முகம் கொடுக்கவில்லை.

பாக்கியவதி காவியை அள்ளி இன்பமணி நெற்றியில் வைத்துப் பைய இழுத்தாள். வகிட்டில் தேய்த்தாள், கன்னத்தில் தேய்த்தாள். நாலு வருஷத்தில் ஒரு மனுஷி கை அந்த நெற்றியில் பட்டதில்லை. இன்பமணிக்குக் கண் நிறைந்துவிட்டது.

“அழாதட்டி, கரைஞ்சு வழியும்,” என்றாள் பாக்கியவதி.

திரை விலகியது. ஏழு பெண்கள், ஏழும் ஒரே சிவப்பு. எவள் கம்பவுண்டர் பெண்சாதி, எவள் கைம்பெண் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இன்பமணி ஈட்டியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்ப்பதுபோல் நின்றாள். நாற்றம் மூக்கைத் துளைத்தது. சந்தோஷமாக இருந்தது. இப்படியே ராத்திரி முழுக்க நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பாள்.

மறுநாள் ஞாயிறு. விடியுமுன் கிணற்றடியில் உட்கார்ந்து சீயக்காய், கடலைமாவு, சாம்பல் என்று எல்லாம் போட்டுத் தேய்த்தாள். முகமும் கையும் வெளுத்துவிட்டன. மீனெண்ணெயோடு ஊறிப்போன காவி வகிட்டில் மட்டும் போகமாட்டேன் என்றது. ஈரத்தலையை வாரிக் கண்ணாடியில் பார்த்தாள். புதுசாய்க் கல்யாணமான சைவ வீட்டுப் பெண் குங்குமம் வைத்த மாதிரியே ஒரு செங்கோடு! ஏழு பேர் பூசினார்கள். மற்ற ஆறு பேர் வகிட்டில் இது இருந்தால் அழுக்கு. இவள் வகிட்டில் இருந்தால் சபை விசாரணை. லேஸ் பள்ளி வேலையும் போய்விடும்.

சாரம்மாள் வந்து பார்த்தாள். சீயக்காயை எடுத்துக்கொண்டு, மருமகள் தலையை மடியில் சாய்த்துத் தானே தேய்க்க ஆரம்பித்தாள். தோல் சிவந்ததே தவிர கோடு போகவில்லை.

“எரியுதா?”

“இல்ல அத்தை.”

“பொறவு ஏன் அழுதே?”

“அது போவேண்டாம்னு இருக்கு அத்தை. எல்லாரோடயும் நின்னேன். நல்லா இருந்துச்சு.”

சாரம்மாளின் கை நின்றது. சீயக்காயைக் கிணற்றுச் சுவரில் வைத்தாள். கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள்.

“நான் இன்னைக்குக் கோயிலுக்கு வரலை,” என்றாள் இன்பமணி.

“முதல் மணி அடிச்சாச்சு. எழுந்திரு.”

“முக்காடு போட்டுக்கிடட்டுமா?”

“உன் தலை. உன் இஷ்டம்.”

இன்பமணி முக்காடு போடவில்லை. தெரு நெடுக மாமியார் ஓரடி பின்னாலேயே நடந்து வந்தாள். கோயில் வாசலில் எலியேசர் மூப்பர் வெள்ளை அங்கவஸ்திரத்தோடு நின்று வருகிறவர்களுக்குத் தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பார்வை இன்பமணியின் தலைக்குப் போய் அங்கேயே நின்றது. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

“என்னம்மா இது? காட்சி நேத்தே முடிஞ்சு போச்சே. கழுவலையா? இல்ல, இன்னைக்குக் காலையில புதுசா வச்சதா?”

சாரம்மாள் இரண்டு எட்டு முன்னால் வந்தாள். முப்பது வருஷமாக அந்த வாசலில் தலை குனிந்தே நுழைந்தவள், நிமிர்ந்து மூப்பரைப் பார்த்தாள்.

“நாந்தான்யா வச்சுவிட்டேன்,” என்றாள். “என் பிள்ளைக்கு நான் வச்சுவிட்டேன். என்னவே இப்போ?”