வாயைத் திறங்க மாஸ்டர்

"எந்தப் பல்லு?" என்று வரவேற்பில் உட்கார்ந்திருந்த பெண் கேட்டதும் மாஸ்டர் திகைத்துப் போனார். பல்லைக் காட்ட அவர் வரவில்லை. டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அதை நேருக்கு நேர் கேட்க வேண்டும், அவ்வளவுதான். போனில் கேட்டுப் பார்க்காமல் இல்லை. அந்தப் பக்கம் "சொல்லுங்க மாஸ்டர், நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுவிட்டால் போதும், இவரும் பதிலுக்கு நலம் விசாரித்துவிட்டு வைத்துவிடுவார். இதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? இடது கடைவாயில் ஒரு பல் பல மாதமாகக் குடைந்துகொண்டிருந்தது உண்மைதான். வலது பக்கமே மென்று காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். "இடது பக்கம், கீழ" என்றார். பொய் சொல்லவில்லை என்ற ஆறுதலோடு ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மனைவி கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். மேலே வரச் சொன்னதற்கு மறுத்துவிட்டாள். வந்தால் தன் வாய் சும்மா இருக்காதாம்.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். தலையில் பலகையைச் சுமந்துகொண்டு திரியும் சின்ன கார் ஒன்றில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே அவர் ஆயுசில் பாதி கழிந்துவிட்டது. அந்தப் பக்கத்தில் அவருக்கு ஒரு பிரேக் உண்டு, ஒரு கிளட்ச் உண்டு. ஸ்டியரிங் மட்டும் கிடையாது. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவருக்குச் சொந்தமாக ஒரு வண்டி இருந்ததில்லை. இதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாத மாணவர் இல்லை, அவரும் சேர்ந்து சிரித்துக்கொள்வார். ஆனால் ஒரு விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு. ஒரு ஆளோடு நாலு நாள் வண்டியில் உட்கார்ந்தால் அந்த ஆளின் குணத்தைச் சொல்லிவிடுவார். தப்புப் பண்ணிவிட்டு ரோட்டைத் திட்டுகிறவன், எதிரே வந்தவனைத் திட்டுகிறவன், கியரைத் திட்டுகிறவன், எதுவுமே நடக்காத மாதிரி மூஞ்சியை வைத்துக்கொள்கிறவன் என்று தரம் பிரித்து வைத்திருந்தார். வீட்டில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள்கூட இவரிடம் வந்து விசாரித்திருக்கிறார்கள்.

அவர் வைத்திருந்த தரங்களில் எல்லாம் மேலே இருந்தவள் இந்தப் பல் டாக்டர். படித்து முடித்த புதிதில் அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள். கிளட்சை விடும்போது வண்டி குதித்து நின்றுவிடும், நெற்றியெல்லாம் வியர்க்கும். ஒரு நாள் குறுகலான தெருவில் திரும்பும்போது நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் ஒன்றின் கண்ணாடியை உரசி உடைத்துவிட்டாள். தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. "பரவால்ல, கிளம்புங்க" என்று மாஸ்டரே சொன்னார். அவள் கேட்கவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டு, அந்த ஸ்கூட்டர்காரன் வரும்வரை வெயிலில் நின்று, அவனிடம் மன்னிப்புக் கேட்டு, கண்ணாடிக்குப் பணமும் கொடுத்துவிட்டுத்தான் வந்தாள். அன்றைக்கு மாஸ்டருக்குத் தன்மேல் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. அதற்குப் பிறகு வந்த மாணவர்களிடமெல்லாம் அவள் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

அப்படிப்பட்டவள் போன் செய்து, "மாஸ்டர், நான் வேற வண்டி எடுக்கறேன். இதை யாரோ ஒருத்தருக்குக் கொடுக்க மனசு வரல. உங்ககிட்ட இருந்தா நல்லா பாத்துப்பீங்க" என்றால் மனுஷன் உருகாமல் என்ன செய்வான்? அதுவும் எப்பேர்ப்பட்ட வண்டி. கறுப்பு நிறம், நீளமாக, பெரிய மனிதர்கள் பின்கதவைத் திறந்து இறங்குகிற வகை. புதிதாக வாங்க அவர் ஏழு பிறவி எடுக்க வேண்டும். அவள் சொன்ன விலைக்குப் புதிதாக வாங்கினால் ஒரு டப்பா வண்டிதான் கிடைக்கும். அந்த விலைக்கே இருவரும் சேர்த்து வைத்ததை வழித்துத் துடைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

துணிக்கடையில் பில் போடும் அவர் மனைவி, சேர்த்ததில் பாதிக்குச் சொந்தக்காரி, ஒன்றுதான் கேட்டாள். "ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போய்ப் பாத்துட்டு வாங்களேன்."

"அந்தப் பொண்ணு வீட்டுக்கு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போறதா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போவேன்?" என்று சீறினார் மாஸ்டர். பயிற்சிப் பள்ளியின் வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக், ஸ்பானர் என்று எல்லாரும் கூப்பிடுகிற ஆள், தானே வரட்டுமா என்று கேட்டான். அவனையும் வேண்டாம் என்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாங்கினார் என்பது அப்படியே உண்மை. பானெட்டைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

முதல் சில வாரங்கள் அவர்கள் வாழ்க்கையில் அதுவரை வராத வாரங்கள். கதவைச் சாத்தினால் சத்தமே இராது, ஒரு பெருமூச்சு மாதிரி மூடிக்கொள்ளும். மனைவி ஏறும்போது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அவர் சிரித்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் இறங்கும்வரை அதைக் கீழே போடவில்லை.

பிறகு திரையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. கியர் மாறும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல ஒரு உதறல். கடைசியில் ஊரிலேயே நெரிசலான நாற்சந்தியின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அந்த நேரம் பார்த்துப் பயிற்சிப் பள்ளியின் சின்ன கார், வேறொரு மாஸ்டரோடும் வியர்த்து வழிகிற ஒரு மாணவியோடும், குலுங்கிக் குலுங்கி அவரைத் தாண்டிப் போனது. மாணவி பயத்தில் அவரைப் பார்க்கவில்லை. அந்த மாஸ்டர் பார்த்தார், சிரித்தார்.

ஸ்பானர் வந்து பானெட்டைத் திறந்தான், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான், மூடிவிட்டான். "மாஸ்டர், இதுல நான் கை வைக்க இடமே இல்ல. எல்லாத்துக்கும் மூடி போட்டு வச்சிருக்காங்க. இதுக்குன்னு இருக்கிற இடத்துக்குத்தான் போகணும்." அவன் குரலில் வருத்தம் பாதி, முன்னமே கூப்பிடாத கோபம் பாதி.

இதற்கென்று இருக்கிற இடத்தில் தரை முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. சோபாவில் உட்கார வைத்துக் காபி கொடுத்தார்கள். இவ்வளவு மரியாதைக்கும் சேர்த்துத்தான் பில் வரும் என்று அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பின் தலைமை மெக்கானிக் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது டாக்டரம்மா வண்டியில்ல?" என்றான். "கியர்பாக்ஸ்தான் சார். போயிடுச்சுன்னு அவங்ககிட்டயே சொன்னேனே. மெதுவா ஓட்டினா இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும்னு சொல்லி அனுப்பினேன். அவங்க உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்க, சொன்னாங்க" என்றார் மாஸ்டர். ஏன் அப்படிச் சொன்னார் என்று அவருக்கே விளங்கவில்லை. முன்பின் தெரியாத ஒருவன் முன்னால் அவளை விட்டுக்கொடுக்க அவருக்கு நாக்கு வரவில்லை. புது கியர்பாக்ஸுக்கு அவன் சொன்ன தொகை வண்டிக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல். காபியைக்கூடக் குடித்து முடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் வாதாடினார். ஒர்க்‌ஷாப்காரன் வியாபாரி, எதையாவது சொல்லி வண்டியை மடக்கிப் போடப் பார்ப்பான். ஆள் மாறி, வண்டி மாறிச் சொல்லியிருப்பான். மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப அவங்ககிட்டயே கேளுங்க. தெரியாதுன்னு சொல்லட்டும், நான் இதைப் பத்தி அப்புறம் வாயே திறக்கல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாஸ்டர் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். போன பணம் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். தெரியாது மாஸ்டர் என்று அவள் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். அது பொய்யாகவே இருந்தாலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போக அவர் தயாராக இருந்தார்.

"வாங்க மாஸ்டர்" என்று டாக்டர் முகம் மலர்ந்து எழுந்து வந்தாள். அந்த மலர்ச்சியில் கலப்படம் எதையும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. கேள்வியை எடுப்பதற்குள் நீளமான நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். காலால் எதையோ மிதித்தாள். நாற்காலி மெல்ல அவரைப் பின்னால் சாய்த்தது. மாஸ்டரின் கால் தன்னால் நீண்டு பிரேக்கைத் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை.

முகமூடியைப் போட்டுக்கொண்டு, விளக்கை இழுத்து, சின்னக் கண்ணாடியால் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வேற எங்கயாவது போயிருந்தா பிடுங்கணும்னு சொல்லியிருப்பாங்க, இல்ல நாலு தடவை வரவச்சிருப்பாங்க. ஒண்ணும் வேண்டாம் மாஸ்டர். அடைச்சா போதும்" என்றாள். ஊசி போட்டாள். போட்டதே தெரியவில்லை, அவ்வளவு பதமான கை. மரத்துப் போகட்டும் என்று கையுறையை மாற்றிக்கொண்டே, "அப்புறம், வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்டாள்.

மாஸ்டர் அவளையே பார்த்தார். எப்படிக் கேட்க முடிகிறது இவளால் என்று நினைத்தார்.

"ஓடல" என்றார். பிறகு, பல நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய கேள்வியைக் கேட்டார். கண்ணியமான கேள்வி, கோபம் வெளியே தெரியாத கேள்வி. அதற்குள் நாக்கு தடித்துவிட்டது. வார்த்தைகள் குழறி, குடிகாரன் பேச்சு மாதிரி வந்து விழுந்தன. கியர்பாக்ஸ் என்பது மட்டும் எப்படியோ விளங்குகிற மாதிரி வந்தது. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. அவை அவரை விட்டு விலகித் தட்டில் இருந்த கருவிகளுக்குப் போயின. "நீங்க பாத்துத்தான் வாங்குவீங்கன்னு நினைச்சேன் மாஸ்டர். வண்டியப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியுமா, தெரியாதா?"

"நீங்க ஒரு வார்த்தை கேக்கலையே."

அவர் தலையைத் தூக்க முயன்றார். சாய்ந்திருந்த நாற்காலியில் அது முடியவில்லை. "கேட்டிருந்தா?"

அவள் யோசித்தாள், அதை மறைக்கவும் இல்லை. "தெரியல" என்றாள். "வெளியாளா இருந்தா மெக்கானிக்கோட வந்திருப்பாங்க. எல்லாத்தையும் தோண்டியிருப்பாங்க. நீங்கன்னா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

நிறுத்தாமல் இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது மாஸ்டருக்கு விளங்கிவிட்டது. தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, அவள் தன்னைத் தேடிப் போன் செய்தது ஏன் என்பதும் விளங்கிவிட்டது. பானெட்டைத் திறக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அவர் அவளோடு நாலு நாள் உட்கார்ந்து அவள் குணத்தைப் பார்த்த அதே நாலு நாளில் அவளும் அவரைப் பார்த்திருக்கிறாள். அவர் பார்வை தப்பிவிட்டது, அவளுடையது தப்பவில்லை. ஏமாந்ததைவிட, ஏமாறுவார் என்று நம்பி ஒருத்தி தன்னைத் தேர்ந்தெடுத்தது அவருக்குத் தாங்க முடியவில்லை.

"வாயைத் திறங்க மாஸ்டர்" என்றாள் டாக்டர், தாழ்ந்த குரலில். "வலிச்சா கையைத் தூக்குங்க."

எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். பாதி வாய் தன்னுடையதாக இல்லை, தலைக்கு மேலே விளக்கு கண்ணைக் கூசவைத்தது. வாயைத் திறந்தார். அவள் வேலை செய்தாள். அவசரம் இல்லை, அலட்சியம் இல்லை. இடையிடையே நிறுத்தி, "வலிக்குதா?" என்று கேட்டாள். அவர் கை நாற்காலியின் பிடியை விட்டு எழவே இல்லை. அவள் கண்ணோரம் ஈரமாக இருந்ததா, அது விளக்கின் பளபளப்பா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இனி யாரைப் பற்றியும் தன்னால் எதையும் சொல்ல முடியுமா என்று சந்தேகமாக இருந்தது.

முடிந்ததும் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள். எது பல், எது அடைத்தது என்று தெரியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

"இதுக்குப் பத்து வருஷத்துக்கு ஒண்ணும் ஆகாது மாஸ்டர். நான் கேரண்டி" என்றாள் டாக்டர். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். திரும்பி நின்று கை கழுவத் தொடங்கினாள். குழாயை வெகுநேரம் மூடவில்லை.

உங்களிடம் பணம் வாங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருப்பதாக வரவேற்பில் இருந்த பெண் சொன்னாள். மாஸ்டர் பையில் இருந்ததை எண்ணாமல் எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

மனைவி அவர் முகத்தைப் பார்த்ததும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தாள். வழியெல்லாம் டாக்டரைக் கரித்துக் கொட்டிக்கொண்டு வந்தவள்தான். இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது. "கேட்டீங்களா?"

தலையாட்டினார்.

"தெரியாதுன்னு சொன்னாங்களா? அவங்களுக்குத் தெரியாதுதானே?" என்றாள். அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட வேண்டும் என்று அவள் விரும்புவது போல இருந்தது.

மாஸ்டர் பேசுவதற்கு வாயைத் திறந்தார். ஒரு பக்கத்து உதடு மட்டும் அசைந்தது. மற்ற பக்கம் தொங்கிப்போய், அதன் ஓரத்திலிருந்து எச்சில் வழிந்து தாடையில் இறங்கி, சட்டைக் காலரை நனைத்தது. வழிவது அவருக்குத் தெரியவில்லை. மனைவி கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, சாலையில் போகிறவர்களைப் பொருட்படுத்தாமல், அவர் கன்னத்தையும் தாடையையும் துடைத்துவிடத் தொடங்கினாள். அவள் தொடுவதும் அவருக்குத் தெரியவில்லை. அந்தக் கை தன் முகத்தருகே போவதையும் வருவதையும் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.