அன்பியத்தில் சொன்னது

வெள்ளிக்கிழமை மாலை கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் கிள்ளான் ரயில் ஏறிவிட்டால் பெர்னிஸுக்கு வேறு உலகமே வேண்டாம். காதில் குருவின் பாட்காஸ்ட் நிகழ்ச்சி ஓடினால் போதும். கொலை, கடத்தல், காணாமல் போனவர்கள் என்று வாரம் ஓர் உண்மைச் சம்பவத்தைக் குரு தமிழில் சொல்வான். காலையிலேயே வெளியாகிவிடும், ஆனால் மாலை ரயிலுக்கென்று அதைக் கேட்காமல் வைத்திருப்பாள். பிரிக்ஃபீல்ட்ஸ் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி ஜானிஸுக்கும் அதே பைத்தியம். இருவரும் ஒரே வண்டியில் உட்கார்ந்து கேட்டு, சுபாங் ஜெயா தாண்டுவதற்குள் கொலைகாரன் யாரென்று அடித்துச் சொல்வார்கள். ஏதோ இவர்கள் கூட இருந்து பார்த்த மாதிரி!

இரண்டு வருடங்களுக்கு முன் அப்படியொரு வெள்ளிக்கிழமைதான் தம்பி மாரிஸ் அழைத்தான். குரு முடிச்சை அவிழ்க்கிற நேரம். பெர்னிஸ் அழைப்பைத் துண்டித்தாள். மறுபடி அழைத்தான். மறுபடியும் துண்டித்தாள். வீட்டுக்குத்தானே போகிறோம், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அன்று இருட்டுவதற்குள், கிள்ளானுக்குப் பக்கத்து ஊரான மேருவில் ஒரு தொழிற்சாலையின் பின்பக்கம், தன் லோரிக்குப் பக்கத்திலேயே மாரிஸ் குத்துப்பட்டுச் செத்துக்கிடந்தான். குத்தியவன் இன்றுவரை அகப்படவில்லை. மாரிஸின் ஃபோனும் கிடைக்கவில்லை.

மூன்று மாதம் அவள் குருவைக் கேட்கவில்லை. அப்புறம் கேட்டாள். வெட்கங்கெட்ட செயல்தான், அவளுக்கே தெரியும். என்ன செய்வது, அடுத்தவர் வீட்டுச் சாவு தன் வீட்டுச் சாவை ஒரு மணி நேரம் மறக்கடித்தது.

அம்மா கேத்தரினுக்கு மறக்க அப்படி எதுவும் இல்லை. அவருக்கு ஒரே கேள்விதான்.

“கடைசியா அவன் யாருகிட்டயாவது பேசினானாடி?”

சோறு போடும்போது கேட்பார். கல்லறைக்குப் போய்த் திரும்பும்போது கேட்பார். போலீஸ் நிலையத்திலும் போய்க் கேட்டார்; விசாரணை முடியாமல் எதுவும் சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். “தெரியலம்மா,” என்று ஒவ்வொரு முறையும் வாய் கூசாமல் சொன்னாள் பெர்னிஸ். உண்மை தெரிந்தால் இருக்கிற ஒரே பிள்ளையின் முகத்தில் அம்மா எப்படி விழிப்பார்?

அந்தப் பாரத்தை அவள் இறக்கிவைத்தது போன நவம்பரில், அன்பியத்தில். வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிச் செபிப்பார்கள், அதுதான் அன்பியம். நவம்பர் இறந்தவர்களுக்கான மாதம் என்பதால் ஒவ்வொருவரும் மெழுகுவத்தி ஏற்றி, போய்ச்சேர்ந்தவர் பெயரைச் சொல்லி வாய்விட்டுச் செபிக்க வேண்டும். அந்த முறை ஜானிஸ் வீடு. அம்மா முட்டிவலியென்று வரவில்லை. அந்தத் தைரியத்தில் பெர்னிஸ் உடைந்துபோனாள்.

“ஆண்டவரே, என் தம்பி ரெண்டு தடவ கூப்பிட்டான். நான் கத கேட்டுக்கிட்டு எடுக்காம விட்டுட்டேன். என்னை மன்னியும்.”

அன்பியத்தில் சொன்னது அன்பியத்தை விட்டு வெளியே போகாது. அது எழுதாத சட்டம். ஆனால் வர முடியாத நோயாளிகளுக்காக ஜானிஸ் செபங்களைப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது வழக்கம். மேசையில் பதிவாகிக்கொண்டிருந்த ஜானிஸின் ஃபோன் பெர்னிஸின் கண்ணில் பட்டது எல்லாம் முடிந்த பிறகுதான்.

“ஜானிஸ், அம்மாவுக்கு அனுப்பிராத. அழிச்சிரு.”

“டிலீட் பண்ணிட்டேன்லா. கவலப்படாத.”

இந்த வெள்ளிக்கிழமை ஜானிஸ் விடுப்பு. பெர்னிஸ் தனியாக ரயிலில் உட்கார்ந்து நிகழ்ச்சியைப் போட்டாள். மேருவில் ஒரு லோரி ஓட்டுநரின் கொலை என்று குரு ஆரம்பித்தான். மாரிஸ் என்று பெயரையும் சொன்னான். பத்து நிமிடம் கழித்து, இதுவரை எவரும் கேட்காத ஒரு குரல் என்று பில்டப் கொடுத்தான். வயலின் அழுதது. அதற்கு மேல் காதில் அவள் குரலே அழுதது, ஜானிஸ் வீட்டுக் கூடத்தில் முட்டிபோட்டு அழுத அதே அழுகை.

கிள்ளான் நிலையத்தில் இறங்கியதும் ஜானிஸை அழைத்தாள்.

“நீயா குடுத்த?”

“கேட்டியா? எவ்ளோ நல்லா பண்ணியிருக்கான்! உன் பேரச் சொல்லவே இல்லலா. யாராச்சும் கேட்டுட்டுத் துப்பு குடுப்பாங்க. மாரிசுக்காகத்தான் செஞ்சேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ.”

“அது செபம், ஜானிஸ்! அழிச்சிட்டேன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியே!”

ஜானிஸின் குரல் மாறியது.

“குரு சொன்ன அந்தக் காப்பார் ஊருப் பொண்ணு கேஸ்ல அவ அம்மா அழுதாங்களே, இன்னொரு தடவ போடுன்னு சொன்னது யாரு? நானா?”

பெர்னிஸ் ஃபோனை வைத்துவிட்டாள். சொன்னது அவள்தான். அதற்காக ஜானிஸ் செய்தது சரியாகிவிடுமா? பாவி, கூடவே இருந்து கழுத்தறுத்துவிட்டாள். திட்டிக்கொண்டே ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போனாள். வேறு யாரும் சொல்வதற்குள் அம்மாவிடம் தானே சொல்லிவிட வேண்டும். அது ஒன்றுதான் இப்போது மிச்சம்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தார். விளக்கு போடவில்லை.

“அம்மா, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்.”

“கேட்டுட்டேன். பக்கத்து வீட்டு தனலெட்சுமி போட்டுக் காட்டினா.”

பெர்னிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நான் எடுத்திருந்தா அவன்...”

“எடுக்காததுக்கு உன்ன என்ன சொல்ல முடியும்? உனக்கு என்னா தெரியும், பாவம்.” அம்மா அழவில்லை. “எத்தன பேரு கேட்டிருக்காங்க இத?”

“பதினோராயிரம்மா.”

“ரெண்டு வருஷமா உன்கிட்ட கேட்டேன். என் புள்ள கடைசியா தேடுனது அவன் அக்காவத்தான்னு, பதினோராயிரம் பேருக்கு அப்புறமா எனக்குத் தெரியணும்?”

கேத்தரின் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கைத்தாங்கலாக நீட்டிய மகளின் கையைத் தொடாமல், சுவரைப் பிடித்தபடி அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். வழி முழுக்க ஜானிஸைத் துரோகி என்று திட்டிக்கொண்டு வந்த பெர்னிஸ், அந்தக் கதவைத் தட்டத் தைரியமில்லாமல் வெளியே நின்றாள்.